‘விரைவில் மருந்து’ என்று போடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் ‘மறதி நோயை உண்டாக்கும் புரதம் சிக்கியது; விரைவில் மருந்து’ என்று ஒரு செய்தி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு அன்று காலையிலேயே என் தோழி போன் செய்தாள். அவளுடைய அம்மாவுக்கு ஆறு வருடமாக இந்த நோய்தான். பெற்ற மகளையே இப்போது யாரோ விருந்தாளி என்று நினைத்து ‘சாப்பிட்டீங்களா’ என்று மரியாதையாகக் கேட்கிறார். “எந்த மாசம் கடைக்கு வரும், நீயே விசாரிச்சுச் சொல்லு” என்றாள். பதினாறு வருடம் மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் புரதங்களோடு மல்லுக்கட்டியவள் நான், அதனால்தான் என்னைக் கேட்டாள். பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது, சொல்லி முடித்தபோது அவள் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியை இரண்டு தடவை படித்தேன். இறந்துபோன நோயாளிகளின் மூளைத் திசுவில் ஒரு புரதம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது, அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அது தேவையான வேலைதான், ஆய்வு செய்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ‘உண்டாக்கும்’ என்ற சொல் ஆய்வில் இல்லை, ‘விரைவில்’ என்ற சொல்லும் இல்லை. இழவு வீட்டில் கூட்டம் இருக்கத்தான் செய்யும், வந்தவர்கள் எல்லாருமா சாவுக்குக் காரணம்? நோய் வந்த இடத்தில் நூற்றுக்கணக்கான புரதங்கள் கூடும், குறையும். சில சேதத்தைச் சரிசெய்ய வந்தவையாக இருக்கும். அப்படி ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் நோயாளிக்கு இன்னும் கெடுதல்தான்.

சிஆர்பி டெஸ்ட் என்றால் இன்று எல்லாருக்கும் தெரியும், உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தை அளப்பது. மாரடைப்பு வரக்கூடியவர்களின் ரத்தத்தில் அந்தப் புரதம் அதிகம் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வாக வந்தது, அதையே குறைத்தால் மாரடைப்பு குறையும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அப்புறம் பிறவியிலேயே மரபணு காரணமாக சிஆர்பி கூடுதலாக உள்ளவர்களை எடுத்துப் பார்த்தபோது அவர்களுக்கு இதய நோய் கூடவில்லை. சிஆர்பி வீட்டில் அடிக்கும் மணிதான், நெருப்பு வேறெங்கோ இருக்கிறது. ‘நல்ல கொழுப்பு’ என்கிற எச்டிஎல் கதை இதைவிடச் சோகம். சிஇடிபி என்ற புரதத்தைத் தடுத்தால் எச்டிஎல் ஏறும் என்று தெரிந்து டார்செட்ரபிப் என்ற மருந்தைச் செய்தார்கள், ஏறக்குறைய 15,000 பேரை வைத்துச் சோதித்தார்கள். எச்டிஎல் 72 சதவீதம் ஏறியது. கூடவே மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பும் கூடியது. 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்திவிட்டார்கள்.

சரி, ஒரு புரதம் நோய்க்குக் காரணமா, வெறும் சாட்சியா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரிந்து இதற்கு இயற்கையே செய்து வைத்த சோதனையைவிட நல்ல வழி கிடையாது. உலகில் இத்தனை கோடிப் பேரில் ஏதாவது ஒரு குடும்பத்தில் அந்தப் புரதம் பிறவியிலேயே கெட்டுப்போயிருக்கும். அவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். பிசிஎஸ்கே9 என்ற புரதத்தின் கதையை என் மாணவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. 2003ல் பிரான்சில், தலைமுறை தலைமுறையாக ‘கெட்ட கொழுப்பு’ என்கிற எல்டிஎல் எக்கச்சக்கமாக ஏறியிருந்த குடும்பங்களில் இந்தப் புரதத்தின் மரபணுவில் பிறழ்வு இருப்பதைப் பார்த்தார்கள். அவர்களிடம் இந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்தது. அப்படியானால் குறைவாக வேலை செய்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் திருப்பிக் கேட்டார்கள். 2006ல் வந்த அவர்கள் ஆய்வில், கறுப்பின மக்களில் 2.6 சதவீதம் பேருக்கு இந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று வேலையே செய்யவில்லை, அவர்களுடைய எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதய நோய் ஆபத்தோ 88 சதவீதம் குறைவு! காரணம் அவர்களுக்கு அந்தக் கொழுப்பு பிறந்ததிலிருந்தே குறைவாக இருந்தது. இரண்டு நகல்களும் பழுதான ஒரு பெண்ணும் அகப்பட்டார். எல்டிஎல் வெறும் 14. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். புரதத்தை நிறுத்தினால் நோய் குறையும் என்பது பாதி விடை, மொத்தமாக நிறுத்தினாலும் ஆள் சௌக்கியமாக இருப்பார் என்பது மீதிப் பாதி. எத்தனை கோடி செலவழித்து எலிகளை வைத்துச் சோதித்தாலும் இவ்வளவு உறுதியான பதில் வராது. 2015ல் இந்தப் புரதத்தைத் தடுக்கும் இரண்டு ஊசி மருந்துகள் வந்தன, 2003லிருந்து கணக்கிட்டால் 12 வருடம், எங்கள் துறையில் இது மின்னல் வேகம். மனித மரபணுச் சான்று உள்ள இலக்குகள் மருந்தாக முடியும் வாய்ப்பு, சான்று இல்லாதவற்றைவிட 2.6 மடங்கு அதிகம் என்று 2024ல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டுச் சொல்கிறது. அப்படியும்கூட, மனிதர்களிடம் சோதனைக்கு வருகிற மருந்துகளில் பத்துக்கு ஒன்பது தோற்றுத்தான் போகின்றன.

காரணம் என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. அதைப் பிடிக்க ஒரு இடம் வேண்டும். மாத்திரையாக விழுங்கும் மருந்து என்பது சின்ன மூலக்கூறு, அது போய் உட்கார புரதத்தின் மேல் ஆழமான ஒரு பள்ளம் இருக்க வேண்டும். உடம்பின் வேதிவேலைகளைச் செய்யும் புரதங்களான நொதிகளுக்கு இயல்பாகவே பள்ளம் உண்டு, அவை வேலை செய்வதே அங்கேதான். ஏசிஇ என்ற ரத்த அழுத்த நொதியின் பள்ளத்துக்குள் ஒரு துத்தநாக அணு இருக்கும் என்று ஊகித்து, அதைப் பிடிக்கும்படி கேப்டோபிரில் மருந்தை வடிவமைத்தார்கள். அது 1981ல் விற்பனைக்கு வந்தது. அந்த நொதியின் உருவத்தை நேரடியாகப் பார்த்தது 2003ல்தான்! இன்று ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் ஏறக்குறைய எல்லாப் புரதங்களின் உருவத்தையும் கணித்துக் கொடுத்துவிடுகிறது, 2024ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது, அது பெரிய வரம்தான், நானே தினமும் பயன்படுத்தினேன். ஆனாலும் பூட்டின் படம் கையில் இருப்பதும், அந்தப் பூட்டு எந்த அறையுடையது என்று தெரிவதும் ஒன்றல்ல.

பள்ளம் இல்லாத புரதத்துக்கு உதாரணம் கேராஸ். மனிதப் புற்றுநோயில் இதற்குப் பங்குண்டு என்று 1982லேயே தெரியும், காரணமா சாட்சியா என்ற சந்தேகமே யாருக்கும் இல்லை. ஆனால் மேற்பரப்பு வழுக்குப் பாறை மாதிரி. அதில் இருந்த ஒரே நல்ல பள்ளத்தில் ஜிடிபி என்ற மூலக்கூறு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அதன் பிடி அவ்வளவு இறுக்கம், செல்லுக்குள் அது அவ்வளவு ஏராளம், அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை உட்கார வைப்பது நடக்காத காரியம். முப்பது வருடம் ‘இதற்கு மருந்தே கிடையாது’ என்று எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2013ல் அமெரிக்க விஞ்ஞானி கெவன் ஷோகட்டின் குழு, புரதச் சங்கிலியின் 12ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் வந்த பிறழ்வை மட்டும் எடுத்துக்கொண்டது. சிஸ்டீனில் கந்தகம் உண்டு, அதைக் கொக்கியாக வைத்து ஒரு மூலக்கூறை மாட்டிப் பார்த்தார்கள். மாட்டியபோது பக்கத்தில் அதுவரை யாரும் கண்டிராத ஒரு பள்ளம் திறந்துகொண்டது. 2021ல் சோடோராசிப் என்ற மருந்து வந்தது. நல்ல செல்லில் உள்ள கேராஸில் அந்த இடத்தில் சிஸ்டீன் இல்லாததால் மருந்து அதைத் தொடுவதே இல்லை. ஒரு பிறழ்வுக்குத்தான் அந்த மருந்து, எல்லாருக்கும் இல்லை, ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் கூடத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

பிசிஎஸ்கே9லும் மாத்திரைக்கு ஏற்ற பள்ளம் சுலபத்தில் அகப்படவில்லை, எல்டிஎல் விவகாரத்தில் அது வேலை செய்யும் இடம் தட்டையான பரப்புதான். ஆனால் அது செல்லுக்கு வெளியே ரத்தத்தில் மிதக்கிறது, அதனால் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளும் பெரிய புரதமான ஆன்டிபாடியை ஊசியாகப் போட்டுப் பிடித்துவிட முடிந்தது. அதே தட்டைப் புரதம் செல்லுக்குள் இருந்திருந்தால் ஆன்டிபாடி உள்ளேயே போயிருக்காது. புரதம் எங்கே இருக்கிறது என்ற சாதாரணக் கேள்விக்கே இவ்வளவு எடை. மூளைக்குள் என்றால் இன்னும் கஷ்டம், ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகிற வழியில் உடம்பே ஒரு வேலி கட்டி வைத்திருக்கிறது. உங்கள் செய்தியில் சொன்ன புரதம் அந்த வேலிக்கு உள்ளே இருக்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி ஒன்றுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தோம். அந்தக் கிருமி கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதிதான் எங்கள் இலக்கு. காகிதத்தில் அதைவிட லட்சணமான இலக்கு கிடையாது: மனித உடம்பில் அந்த வடிவத்தில் இல்லை, ஆழமான பள்ளம் உண்டு, மரபணுவை நீக்கினால் கிருமி சாகிறது. இரண்டரை வருடம் உழைத்து ஒரு மூலக்கூறைத் தயார் செய்தோம். 96 குழித் தட்டில் கிருமியையும் மருந்தையும் விட்டு, நீலச் சாயம் ஊற்றி, இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்ப்போம், கிருமி உயிரோடு இருந்தால் நீலம் ரோஸ் நிறமாக மாறும், செத்திருந்தால் நீலமாகவே நிற்கும். எங்கள் தட்டு வரிசை வரிசையாக நீலம், அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அப்புறம் ஒரு நாள் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி, எதற்கும் பார்ப்போமே என்று குழிகளில் கொஞ்சம் ரத்த சீரம் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். காலையில் தட்டை வெளியே எடுத்தேன். மேலிருந்து கீழே வரை ரோஸ். மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போன கடைசிக் குழி வரைக்கும் ரோஸ்.

கிருமி தன் கொழுப்பு அமிலத்தைத் தானே செய்யத்தான் வேண்டும் என்பதில்லை, மனித ரத்தத்தில் தயாராகக் கிடைப்பதை எடுத்துக்கொண்டு பிழைத்துவிடும். நாங்கள் அடைத்தது ஒரு கதவை, அது பின்வாசல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது. 2009ல் நேச்சர் இதழில் வேறொரு குழு இதையே விரிவாகக் காட்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, முதல் மாதமே சீரம் சேர்த்துப் பார்த்திருந்தால் இரண்டரை வருடம் மிச்சம். எல்லாக் கிருமிக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசநோய்க்கு 1952லிருந்து கொடுக்கும் ஐசோநயசிட் இதே வகைத் தயாரிப்புப் பாதையில் உள்ள நொதியைத்தான் தடுக்கிறது, அது அருமையான இலக்கு, ஏனென்றால் காசநோய்க் கிருமி தன் சுவருக்காகக் கட்டுகிற மைகோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நம் ரத்தத்தில் கிடையாது, திருடக்கூட வழியில்லை. ஆக ஒரே பாதை ஒரு கிருமியில் முதல்தர இலக்கு, இன்னொன்றில் வீண். நோய் நடக்கிற அந்த இடத்தில், அந்தச் சூழலில் புரதம் தேவையா என்று கேட்டால்தான் இது தெரியவரும். பெரிய நிறுவனங்களும் இங்கே அடிவாங்கியிருக்கின்றன. கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் 1995 முதல் 2001 வரை பாக்டீரியாவுக்கு எதிராக 70 தேடல்களை நடத்தி, உருப்படியாகக் கிடைத்தவை ஐந்துதான் என்று 2007ல் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

பக்கவிளைவு பற்றி அதிகம் எழுதவில்லை, அது எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். வலியே உணராத சில குடும்பங்கள் வட பாகிஸ்தானில் இருப்பதை 2006ல் ஆராய்ந்து, நரம்பில் வலிச் செய்தியைக் கிளப்பிவிடும் என்ஏவி1.7 என்ற சோடியம் வாயில் (இதுவும் ஒரு புரதம்தான்) அவர்களிடம் வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். மரபணுச் சான்று இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. நிறைய நிறுவனங்கள் பாய்ந்தன. ஆனால் உடம்பில் இந்த வாயிலுக்குக் கூடப்பிறந்தவை எட்டு, எல்லாம் பார்க்க ஒரே ஜாடை, அதில் ஒன்று இதயத்தைத் துடிக்க வைப்பது. தம்பியை விட்டுவிட்டு அண்ணனை மட்டும் தொடும் மருந்தைச் செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை, அப்படிச் செய்தவையும் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கடைசியில் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது பக்கத்து வாயிலான என்ஏவி1.8ஐத் தடுக்கும் மருந்துக்கு.

இப்போது தோழியின் கேள்விக்கு வருகிறேன், உங்கள் செய்திக்கும் நேரே பொருந்துவது இதுதான். மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத் துணுக்கை, ஒரு பெரிய புரதத்திலிருந்து வெட்டி உண்டாக்குகிற நொதிகளில் ஒன்று பேஸ்1, 1999ல் அடையாளம் கண்டார்கள். நொதி என்பதால் பள்ளம் உண்டு. ஐஸ்லாந்தில், அந்த நொதி வெட்டுகிற இடத்தை ஒட்டியே ஒரு பிறழ்வு உள்ளவர்களுக்கு மறதி நோய் அபூர்வம் என்று 2012ல் தெரிந்தது. காரணம் என்பதற்குச் சான்று உண்டு, பிடிக்க இடம் உண்டு, மூளை வேலியைத் தாண்டும் மாத்திரையும் தயார். வெருபெசெஸ்டாட் என்று பெயர், மூளைத் தண்டுவட நீரில் அமிலாய்டை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ வந்துவிட்டவர்களிடம் பலனில்லை என்று 2017ல் ஒரு சோதனையை நிறுத்தினார்கள், சரி, அதற்கும் முந்தைய நிலையில் கொடுத்தால் கேட்குமோ என்று நடத்திய இன்னொன்றை 2018ல் நிறுத்தினார்கள். இரண்டாவதில் மாத்திரை சாப்பிட்டவர்களின் ஞாபகசக்தி, சாப்பிடாதவர்களைவிட மோசமாகப் போயிருந்தது. அந்த நொதி அமிலாய்டை மட்டும் வெட்டுவதில்லை, நரம்புகள் ஒன்றோடொன்று பேசத் தேவையான வேறு பல புரதங்களையும் அதுதான் வெட்டித் தருகிறது. ஐஸ்லாந்துக்காரர்களிடம் மாறியிருந்தது வெட்டுப்படும் புரதம், வெட்டும் கத்தி இல்லை. அதுவும் பிறந்த நாளிலிருந்து. எழுபது வயதில் கத்தியையே பிடுங்குவது வேறு விஷயம்.

அமிலாய்டை நேரடியாகப் பிடித்து அகற்றும் ஆன்டிபாடிகள் வந்திருக்கின்றன, லெகனிமாப் 2023ல், டோனனிமாப் 2024ல். அவை ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நோயின் ஓட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்குகின்றன, மூளையில் வீக்கமும் கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். போனதைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. தோழியின் அம்மா அந்த நிலையை என்றோ தாண்டிவிட்டார். அதைத்தான் நான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில், போனில்.

நம்பிக்கை கொடுப்பது தப்பா என்று கேட்பீர்கள். நம்பிக்கை கொடுக்கக் கைவசம் நிஜமான கதைகள் இருக்கின்றன, அவற்றை முழுசாக எழுதுங்கள். ஒரு வகை ரத்தப் புற்றுநோய் செல்லில் ஒரு குட்டி குரோமோசோமை 1960ல் பார்த்தார்கள், இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று 1973ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேனட் ரௌலி சொன்னார், அதிலிருந்து பிறக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் 2001ல் வந்தது. நல்ல செல்லில் அந்தப் புரதமே கிடையாது, நோய் அதை நம்பியே ஓடுகிறது. நாற்பத்தியொரு வருடம் பிடித்தது, ஆனால் ஒரு காலத்தில் சில வருடங்களில் உயிரைக் குடித்த நோயோடு இன்று ஜனங்கள் மாத்திரை போட்டுக்கொண்டு பேரன் பேத்தி பார்க்கிறார்கள். இதில் எங்கேயும் ‘விரைவில்’ இல்லை, அதனால் வாசகருக்குச் சுவை குறைந்துவிடுமா என்ன?

அடுத்த தடவை ‘புரதம் கண்டுபிடிப்பு’ என்று ஒரு செய்தி உங்கள் மேசைக்கு வரும்போது, எழுதுகிறவரை அந்த ஆய்வாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். இந்தப் புரதம் இல்லாமலே பிறந்த மனிதர்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கு அந்த நோய் வருகிறதா, மற்றபடி சுகமாக இருக்கிறார்களா என்று கேட்கட்டும். இதைத் தடுத்தால் நோய் வேறு வழியில் போய்விடாதா, மருந்து பிடித்துக்கொள்ள அதில் இடம் உண்டா என்றும் கேட்கட்டும். ஆய்வாளர்கள் பதில் போடுவார்கள், இதைப் பற்றிப் பேச எங்களுக்கெல்லாம் கொள்ளை ஆசை. ‘இன்னும் யாரும் பார்க்கவில்லை’ என்று பதில் வந்தால் அதையே செய்தியில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்.

போன ஞாயிறு வந்த செய்திக்கும் அந்த ஒரு வரியைத் திருத்தமாக இந்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட முடியுமா? அந்தச் செய்தியை என் தோழி கத்தரித்து அம்மாவின் மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வைத்திருக்கிறாள். இன்னும் எத்தனை வீடுகளில் அப்படி வைத்திருக்கிறார்களோ.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி